வெள்ளைப் புகை

புகை வெள்ளையாக இருக்கும்வரை பயமில்லை.

விறகு குடித்து வைத்திருந்த தண்ணீர்தான் அது. மண் பூசிய கரிமூட்டத்துக்குள் கட்டை வேகும்போது முதலில் ஈரம் வெளியேறும். பிறகுதான் கட்டை கரியாகும். அதற்கு முன்பே புகை நீலமானால், எங்கோ காற்று புகுந்துவிட்டது. கட்டை வேகவில்லை, எரிகிறது.

மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கும் அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை.

மரத்துக்குள் தண்ணீர் என்ற பேச்சே அவளுக்கு ஆகாது.

வறண்ட கண்மாயின் கரையில், சீமைக்கருவேல நிழலில், சாத்தையாவும் வழிவிட்டானும் காலையிலிருந்து அதைத்தான் பேசுகிறார்கள். இந்த மரங்களை வேரோடு பிடுங்குவதா என்று நாளை ஊர்க்கூட்டம்.

“பூராத் தண்ணியையும் இந்தச் சனியந்தான் உறிஞ்சிருது. மூட்டத்துல இருந்து ஒரு பொறி விழுந்தா ஊரே போயிரும்” என்றார் சாத்தையா.

“மழையக் காணோம். மரத்த வஞ்சு என்ன செய்ய?” என்றான் வழிவிட்டான்.

அவள் மூட்டத்தைச் சுற்றி வந்துகொண்டே கேட்டாள்.

“கம்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால மறிச்சு வீடு கட்டுனதும் மரந்தானா, மாமா?”

வழிவிட்டான் சிரித்துவிட்டான். அந்த வீடு சாத்தையாவுடையது.

அப்போது காற்று திரும்பியது.

மூட்டத்தின் மேற்குப் பக்கம் வெடித்தது. கோடுபோல ஒரு விரிசல். புகை நீலமானது. உள்ளே சிவப்பு.

அவள் மண்ணை அள்ளி எறிந்தாள். புழுதி நிற்காமல் சரிந்தது. ஈரமண் வேண்டும். குடம் காலி. குழாயடி ஊருக்குள்.

ஒரு பொறி பறந்து காய்ந்த புல்லில் விழுந்தது. மிதித்தாள். இன்னொன்று. வழிவிட்டான் ஓடிவந்து மிதித்தான்.

புல்லுக்கு அப்பால் கூரை வீடுகள்.

ஈரமண் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும்.

போன மாதம் விறகுக்காக அவள் பெரிய கருவேலமரம் ஒன்றைத் தூரோடு தோண்டி எடுத்த குழி. சில நாட்களில் அதன் அடியில் ஈரம் கசியத் தொடங்கியது. மரம் போன இடத்தில் தண்ணீர் வருவதை ஊர் பார்த்துவிடக் கூடாதென்று அன்றே முள்ளை வெட்டிப்போட்டு மூடினாள். மரம் இல்லையென்றால் மூட்டம் இல்லை. மூட்டம் இல்லையென்றால் உலை இல்லை.

மூன்றாவது பொறி பறந்தது.

ஓடினாள். வெறுங்கையால் முள்ளை இழுத்து எறிந்தாள்.

“இங்கிட்டு வாங்க, மாமா!”

கறுப்புக் களிமண். கையில் ஒட்டியது. மூன்று பேரும் அள்ளி அள்ளி அப்பினார்கள். விரிசல் மூடியது.

மெல்ல, புகை வெளுத்தது.

சாத்தையா கையைத் துடைக்கவில்லை. முகர்ந்து பார்த்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். வழிவிட்டானும் பார்த்தான். இம்முறை அவன் சிரிக்கவில்லை.

பிறகு இருவரும் தலையைத் திருப்பி, இவ்வளவு நேரம் நிழலுக்கு உட்கார்ந்திருந்த மரத்தைப் பார்த்தார்கள்.



அவள் உள்ளங்கையில் ஏறியிருந்த கருவேல முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.