இலந்தை முள்

ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, எங்கள் குடிசைக்கு வரும் ஒற்றையடிப் பாதையை அவர் இலந்தை முள்ளால் அடைத்துக்கொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம், ஐப்பசி மாதம். பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து மலையேறி வந்த விஷக்காய்ச்சல், எங்கள் மலைமேல் குண்டூர் நாட்டில் வீட்டுக்கு ஒருவரைக் கொண்டுபோயிருந்தது. கொள்ளைநோய் வந்தால் பிள்ளைத்தாய்ச்சி தினைக்காட்டுக் குடிசையில் தனியாக இருக்க வேண்டும். புருஷன் அங்கே தலைகாட்டக் கூடாது. அது ஊர்க்கட்டு. அதைக் காப்பது கவுண்டரின் வேலை.

என் மனைவி பொன்னாயிக்கு எட்டாம் மாதம். அவள் அக்காள் வயிற்றுப் பிள்ளையோடு காய்ச்சலில் போன நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. தன் வயிற்றைத் தொடக்கூட மாட்டாள்.

"என்னத் தனியா உட்டீங்கன்னா பாறையிலிருந்து குதிச்சுருவேன்" என்றாள்.

பாயைச் சுருட்டிக்கொண்டு நானும் அவளோடு குடிசைக்குப் போய்விட்டேன்.

மறுநாளே கவுண்டர் வந்தார். பின்னால் அவருடைய ஆள் குப்புசாமியும் இன்னும் நாலு பேரும் கயிற்றோடு நின்றார்கள்.

"ஏண்டா, பேறு பாக்கற எடத்துல ஆம்பளைக்கு என்னடா வேல?"

"குழந்தைசாமி குழந்தை பெறப் போறானுங்கோ!" என்று என் பேரை வைத்துக் கேலி செய்தான் குப்புசாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

"கஞ்சி நான் ஊட்டுனாத்தானுங்க நாலு வாய் குடிக்கறா. நான் வரமாட்டேன். கட்டித் தூக்கிட்டுப் போனாலும் அவுத்துக்கிட்டு வருவேன்."

"இழுத்துப் போட்டுரலாமுங்களா?" என்று கவுண்டரைக் கேட்டான் குப்புசாமி.

கவுண்டர் காறித் துப்பினார். "தொடாதீங்கடா! இவனத் தொட்டவனுக்கும் ஊருல எடமில்ல. பேறு முடியற மட்டும் இங்கயே கெடந்து சாகட்டும். வழிய நானே அடைக்கறேன்."

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நடுவில் முள் வந்து விழுந்தது. எத்தனையோ வேலி அடைத்த கை அவருடையது. அன்று முழங்கை வரை கிழிந்து ரத்தம் ஒழுகியது. கோபத்தில் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்லா அடைங்க! நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம்!" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்தார். "அவள உட்டுட்டு ஒரு அடி வெளிய வெச்சே, கால முறிச்சுருவேன்."

தினை இடித்தேன், கஞ்சி காய்ச்சினேன், அவள் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபதாம் நாள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"ஒதைக்குது பாருங்க."

பெண் பிறந்தது. தொப்புள்கொடியை நான்தான் அறுத்தேன். பொன்னாயி அதன்பிறகு இருபத்தைந்து வருஷம் என்னோடு வாழ்ந்தாள்.

பிள்ளை அழுகிற சத்தம் கேட்டுக் குப்புசாமி முள்ளுக்கு அப்பால் வந்து நின்றான். இப்போது சிரிக்கவில்லை.

"கவுண்டரு காய்ச்சல்ல போயி மூணு வாரமாச்சு. அதுக்கப்பறம் உன்ன இழுத்துட்டுப் போக ரெண்டு தடவ வந்தோம். முள்ளு அசையல." குடிசையைப் பார்த்தான். "முன்ன ஒரு கொள்ளைநோய்ல அவரு மொதச் சம்சாரம் வயித்துப் பிள்ளையோட இந்தக் குடிசையில தனியா இருந்தப்பத்தான் பாறையிலிருந்து குதிச்சுது. கட்டுக்குப் பயந்து அவரு எட்டிக்கூடப் பாக்கலயாம்."

நான் அரிவாளை எடுத்துக்கொண்டு முள்ளை வெட்டப் போனேன். வெட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரே இழுப்பில் வந்தது.

முள் அடைக்கிறவன் முள்கிளையின் அடிக்கட்டையைத் தன் பக்கம் வைத்துக்கொள்வான். கட்டைப் பக்கம் நிற்பவன்தான் இழுத்துத் திறக்க முடியும்.

அடிக்கட்டைகள் எல்லாம் எங்கள் பக்கம் இருந்தன.