அச்சகத்தில் முதல் ஷாட்

வகுப்பில் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் சுகிர்தாதான். உள்ளங்கை சிவந்து எரிகிற அளவுக்குத் தட்டினாள்.

போர்டில் வரிசையாக ஒட்டியிருந்தவை அழகுமீனா வரைந்த படங்கள். கல்லூரிக் குறும்படத்தின் தொடக்கக் காட்சி, ஷாட் ஷாட்டாக. மெஷினிலிருந்து பட்டாசு லேபிள் தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன; எல்லாவற்றிலும் ஒரே சிறுமி, ஒரே சிரிப்பு. ஒரு தாளில் மட்டும் கலர் விலகி அவளுக்கு நாலு கண். ஒரு கை அதை உருவித் தரையில் வீசுகிறது. அந்த முகத்தின் மேல் படத்தின் பெயர் வருகிறது.

"இதைத்தான் எடுக்கப் போறோம்" என்றார் தங்கச்சாமி சார். "ஆமா, டைரக்டர்னு போட்ட எடத்துல பேரைக் காணோமே?"

"அதை நாளைக்குச் சொல்றேன் சார்" என்ற அழகுமீனா, சுகிர்தாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் சுகிர்தாவுக்குப் பொறுக்கவில்லை. சிவகாசியில் அவள் அப்பா சண்முகவேல் நடத்துவதே லேபிள் அச்சகம். மை வாசத்திலேயே வளர்ந்தவள் அவள். அழகுமீனாவோ ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். சுகிர்தாவின் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு வந்த ஒரு மத்தியானம் மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள், அவ்வளவுதான். இத்தனை வருஷமாகத் தன் கண்ணில் படாதது அவள் கண்ணில் எப்படிப் பட்டது?

சுகிர்தா வரைந்து கொடுத்தது மழையில் ஒரே குடைக்குள் நிற்கிற காதலர்களை. "நம்ம ஊர்ல மழைக்கு எங்க போக?" என்று பையன்கள் சிரித்திருந்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அழகுமீனா நம்ம பிரஸ்ஸுல படம் எடுக்கணும்னு கேட்டு வருவாப்பா. முடியாதுன்னுருங்க."

"ஏன் பாப்பா? உன் கூட்டாளிதான?"

"தீபாவளி சீசன் நேரம்ப்பா. மெஷினை நிறுத்துனா ஆர்டர் என்னாகும்? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக."

மகளுக்குத் தொழில் மேல் அக்கறை வந்துவிட்டதே என்று சண்முகவேலுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கடைசி வகுப்புக்குத்தான் அழகுமீனா வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"கெடைக்கல சார். மத்த பிரஸ்லயும் கேட்டுப் பாத்துட்டேன். சீசன்ல யாரும் உள்ள விட மாட்டேங்காக."

சார் பெருமூச்சு விட்டுப் படங்களைப் போர்டிலிருந்து கழற்றினார். "சரி, சுந்தரபாண்டி கதையை எடுப்போம். அவனே டைரக்ட் பண்ணட்டும்."

எவன் எடுத்தால் என்ன, இவள் எடுக்கவில்லையே! சுகிர்தாவுக்கு மனசு குளிர்ந்து போயிற்று. அழகுமீனாவின் தோளில் கைபோட்டு, "விடுடி, எங்கப்பா இந்த விஷயத்துல கொஞ்சம் கறாரு" என்றாள். அழகுமீனா என்னமோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

ராத்திரி அப்பா வாங்கிவந்த பரோட்டாவில் சுகிர்தா வழக்கத்தைவிட ஒன்று கூடுதலாகவே சாப்பிட்டாள்.

"நீ சொன்னபடியே திருப்பி அனுப்பிட்டேன் பாப்பா" என்று சால்னாவை ஊற்றினார் சண்முகவேல். "ஆனா அந்தப் புள்ள லேசுல போகல. எம்புட்டுக் கெஞ்சு கெஞ்சிச்சு தெரியுமா! கடைசில வாய் கூசாம ஒரு பொய்யும் சொல்லிச்சு."

"பொய்யா? என்னன்னுப்பா?"

"'எனக்கு வரைய மட்டுந்தான் வரும்ப்பா. படத்துக்கு டைரக்டரே நம்ம சுகிர்தாதான், அவகிட்ட இன்னும் சொல்லல'ன்னுச்சு!"