நிமலநாதனுக்கு ஒரு புள்ளடி

ஒன்பது கட்சிக் கூட்டரசாங்கம் திரும்பவும் கவிழ்ந்து தேர்தல் வந்ததிலிருந்து, புனிதவதியின் போனில் வேட்பாளர் நிமலநாதனின் குரல்தான். தொகுதியில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, அவரைப் போலவே பேசுவது கட்சியின் இயந்திரம். அது அவள் கணவர் தவராசாவுக்கும் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. அவரிடம் அந்தக் குரல் ரோட்டைப் பற்றி மட்டுமே பேசியது. அவர் மனைவியிடமோ, "முழங்கால் நோ குறைஞ்சுதோ, புனிதம்?" என்று கேட்டது.

புனிதமாம்! கட்டின புருசன் அப்படிக் கூப்பிட்டே எத்தனை வருசம்! அதற்கு அவள் சிரித்த சிரிப்பை அவர் தன் கலியாணத்தன்றுகூடக் கண்டதில்லை.

வாக்குச்சாவடியில் தவராசா பரம்பரையாய்ப் போட்டுவந்த கட்சியைக் கைவிட்டு, நிமலநாதனுக்கே புள்ளடி போட்டார். வென்று பாராளுமன்றம் போனவன் எவன் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான்? சனியன் அதோடு தொலையட்டும்.

வெளியே வந்த மனைவியிடம், "உம்மட ஆளுக்குத்தானே போட்டனீர்?" என்று கேட்டார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் புனிதவதி. "வெண்டா அந்த மனுசன் பிறகு எங்களோட கதைக்குமே? தோத்தால்தானே அடுத்த தேர்தலுக்கும் கோல் எடுக்கும்!"