அறுபதைத் தொட்டால் ஆட்டம்

"முன் சக்கரத்துக்கு அலைன்மென்ட் பாத்தாச்சு, டை ராடு மாத்தியாச்சு. அப்புறமும் ஸ்டீயரிங் ஆடுதா?" போனில் குதித்தார் வண்டிக்காரர்.

"வேகம் அறுபதைத் தொட்டா பேய் புடிச்ச மாதிரி ஆடுது சார். காலைலகூட ஓட்டிப் பாத்தேன்" என்றார் மெக்கானிக், கூசாமல்.

"மலையேறலாம்னு ஆசையா வண்டிய ரெண்டடி உசத்தச் சொன்னேன். பத்து நாளா இதே பாட்டு! அதென்ன டமடமன்னு சத்தம்?"

"பால் ஜாயின்ட்டைத் தட்டிப் பாக்குறோம் சார்."

"ஆடினா ஆடட்டும். இப்பவே வந்து எடுத்துட்டுப் போறேன்!"

போனை வைத்த மெக்கானிக் எழுந்து ஓடினார். ஷெட் வாசலின் மேல் கடப்பாரையோடு நின்ற கொத்தனாரை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னும் முக்காலடி இடிச்சாத்தான் வண்டி வெளிய வரும்ணே," என்றார் கொத்தனார். "உள்ள வச்சு உசத்துறதுக்கு முன்னாடி வாசலை ஒரு தடவ அளந்திருக்கக் கூடாதா?"