கவிழ்த்து வைத்த தாள்கள்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் அம்சவள்ளியின் கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கிறது. கல்வராயன் மலையில் ஓர் அங்கன்வாடியில் சமைப்பவள். பிள்ளைகளின் முட்டையை விற்கும் திருடி என்று அவள் படத்தோடு யாரோ முகநூலில் போட்டு மூன்று நாளாகிறது. "அதை அழிச்சிடும்மா, புண்ணியமாப் போவும்" என்று கைப்பேசியை நீட்டுகிறாள். "நம்மால அழிக்க முடியாதுக்கா. போட்டவன் அழிக்கறதுக்குள்ள நாம பிரிண்ட் எடுத்து வச்சிக்கணும். எஸ்.பி. ஆபீஸ்ல சைபர் கிரைம்னு கேட்டு, இதைக் குடுங்க" என்கிறாள் கடைக்காரி எழில்மதி. வெளியே ஒரு நடத்துநர் சின்னசேலம், சின்னசேலம் என்று கூவுகிறார். அந்தப் பதிவு, தேதி தெரிய, ஒவ்வொரு தாளாக அச்சாகி வெளியே வருகிறது. சூடு ஆறுமுன் எழில்மதி அதைக் கவிழ்த்து வைக்கிறாள். வரிசையில் நிற்பவர் எட்டிப் பார்க்கிறார். "அப்டி இன்னாம்மா ரகசியம்?" "உங்க ஆதாரையும் எல்லாருக்கும் காட்டட்டுமாண்ணே?" சிரிப்பு எழுந்து அடங்குகிறது. சுவரில் முருகன் படத்துக்கு வைத்த ஊதுவத்தி மின்விசிறிக் காற்றில் கனல்கிறது. அம்சவள்ளியின் கால் இன்னும் ஆடுகிறது; முந்தானைக்குள் இருந்த முகம் மட்டும் வெளியே வருகிறது. "இன்னொரு காப்பி போடும்மா. எங்க அங்கன்வாடி ஆபீசரு கையில நானே குடுக்கறேன்."