பதினெட்டு ஊசி

“பதினெட்டு ஊசி! ஒரே வாரத்துல பதினெட்டு ஊசி ஒடச்சிருக்காங்க. இன்னா இருதயராஜ், தைக்க சொல்லிக் குடுக்கிறீங்களா, ஒடைக்க சொல்லிக் குடுக்கிறீங்களா?”

மேனேஜர் ஹயாத் பாஷா, உடைந்த ஊசிகளை ஒரு தட்டில் போட்டு, பயிற்சி அறை மேஜை மேல் வைத்திருந்தார். பயிற்சி அதிகாரி இருதயராஜ் தட்டைப் பார்க்காமல், சுவரில் தான் மாட்டிய சார்ட்டைப் பார்த்தார்.

“என் பேட்ச்ல ஒம்பதுதான் சார். மீதி ஒம்பது அமிர்தவள்ளியம்மா பேட்ச்.”

அது 1983. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. ‘முன் அனுபவம் இல்லாத பெண்கள் மட்டும் தேவை’ என்று வாசலில் போர்டு வைத்துப் பன்னிரண்டு பேரை எடுத்திருந்தார்கள். வேறு இடத்தில் பழகிய கை வந்தால், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரிய பேஜார் என்பது ஹயாத் பாஷாவின் கொள்கை. ஷூவின் மேல்பாகத்தை, அதாவது அப்பரை, மெஷினில் தைக்க இவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். எப்படி என்பதில்தான் சண்டை.

இருதயராஜ் மெட்ராஸில் பத்து நாள் வகுப்புக்குப் போய், ஐந்து கட்டம் போட்ட ஒரு சார்ட்டோடு திரும்பியவர். கற்க வருபவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரிப்பது முதல் கட்டம். பிறகு திட்டம், பாடம், பயிற்சி. எல்லாம் முடிந்ததும், எது கஷ்டமாக இருந்தது என்று கற்றவரையே கேட்டு எழுதுவது ஐந்தாவது. முதல் கட்டத்தில் ‘ஒன்றும் தெரியாது’ என்று அவரே எழுதிவிட்டார். போர்டிலேயே இருக்கிறது, இதில் என்ன விசாரிப்பது?

லைன் சூப்பர்வைசர் அமிர்தவள்ளிக்கு அந்தச் சார்ட்டைக் கண்டாலே ஆகாது. அவர் வழி தலைகீழ். தைத்து முடித்த அப்பரைக் கையில் கொடுத்து, தையலைப் பிரிக்கச் சொல்வார். பிறகு பிரித்ததைத் திரும்பத் தைக்கச் சொல்வார்.

“கடைசில எப்படி இருக்கணும்னு தெரிஞ்சாதானே சார் ஆரம்பிக்க முடியும்? உங்க சார்ட்ல ஷூ எங்க இருக்குது?”

“ஷூ வரும்மா. மூணாவது கட்டத்துக்கு அப்புறம் வரும்.”

ஆளுக்கு ஆறு பேர், ஆறு வாரம் என்று ஹயாத் பாஷா முதலிலேயே பிரித்துக் கொடுத்திருந்தார். “எந்த வழில ரிஜெக்ட் கம்மியோ, இனிமே அதான். அமிர்தவள்ளிம்மா தோத்தா பழையபடி லைன மட்டும் பாத்துக்கட்டும். நீங்க தோத்தா…”

அவர் முடிக்காததை இருதயராஜே முடித்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது வேலை. இதுவும் போனால் ஆற்காட்டில் மாமனார் வீட்டுச் சாப்பாடுதான். போன தடவை நாலு மாதம் சாப்பிட்டார். சாம்பாரில் உப்பு இல்லாதபோதும் கேட்க வாய் வரவில்லை. மறுபடியும் அந்த மணையில் உட்கார அவருக்குப் பயமாகவே இருந்தது.

ஆகையால் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் பேட்சில் பூங்காவனம் என்று ஒருத்தி, பேரணாம்பட்டு பஸ்ஸில் வருகிறவள், ஒரே கேள்வியை மூன்று நாள் கேட்டாள்.

“சார், நூல எந்தப் பக்கமா கோக்கணும்?”

“இடப்பக்கம்மா. நேத்தும் சொன்னேனே.”

“மறந்துட்டேன் சார்.”

நாலாவது நாளும் சலிக்காமல் சொன்னார். இரண்டாவது வாரம் நான்கு ஊசி உடைந்தது. மூன்றாவது வாரம் ஒன்று. அதன் பிறகு உடையவே இல்லை. ‘எல்லாம் என் வழிதான்’ என்று இருவரும் தனித்தனியாக மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை பரீட்சை. ஆளுக்கு ஒரு ஜோடி அப்பர். ஹயாத் பாஷா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருபத்து நான்கையும் புரட்டினார். ஒன்றுகூட ரிஜெக்ட் இல்லை. தையல் முடியும் இடத்தில் நைலான் நூலின் நுனியை உள்பக்கம் இழுத்து, தீக்குச்சியால் லேசாகச் சுட்டு ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் அப்படியே செய்திருந்தார்கள்.

“அட, நம்ம லைன்லகூட இத செய்றதில்லியே! யாரு சொல்லிக் குடுத்தது?”

இருதயராஜ் சொல்லிக்கொடுக்கவில்லை. அமிர்தவள்ளி சொல்லியிருப்பார், சாப்பாட்டு நேரத்தில் தன் பேட்சுக்கும் பரவியிருக்கும் என்று நினைத்தார். மாமனார் வீட்டு மணை நினைவுக்கு வந்தது.

“நாலாவது கட்டம் சார்,” என்றார்.

“என் வழி சார்,” என்றார் அமிர்தவள்ளி, அதே நேரத்தில்.

ஹயாத் பாஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, ரெண்டுல எதுவும் ஜாஸ்தி கம்மி இல்ல. ரெண்டு பேருமே இருங்க. இருதயராஜ், அந்த அஞ்சாவது கட்டத்தையும் முடிச்சு பேப்பரக் குடுங்க. பர்மனென்ட் லெட்டர் டைப் பண்ணச் சொல்றேன்.”

இருதயராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. படிவத்தை எடுத்துக்கொண்டு பூங்காவனத்தைத் தேடிப் போனார். அவள் பயிற்சி அறையில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு கேள்விம்மா. இந்த ஆறு வாரத்துல எது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு? ஒளிக்காம சொல்லணும்.”

“சொன்னா வேலைய விட்டு எடுத்துட மாட்டீங்களே சார்?”

“நான் ஏம்மா எடுக்கப் போறேன்? சும்மா சொல்லு.”

பூங்காவனம் ஜன்னல் வழியே கம்பெனி கேட் பக்கம் பார்த்தாள். மற்ற பதினோரு பேரும் அவளுக்காக அங்கே காத்திருந்தார்கள். குரலைத் தாழ்த்தினாள்.

“பேரணாம்பட்டுல ஒரே கம்பெனில நாங்க பன்னெண்டு பேரும் ஏழு வருஷம் தச்சோம் சார், அத மூடிட்டாங்க. இங்க வந்தா புது ஆளுங்கதான் வேணும்னு போர்டு. தைக்கிறதுல கஷ்டம் ஒண்ணுமில்ல, அந்த ஊசிய ஒடைக்கிறதுதான் கையே வரல.”

இருதயராஜ் சுவரில் இருந்த முதல் கட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு படிவத்தில், ‘மிகவும் கஷ்டமாக இருந்தது எது?’ என்பதற்கு எதிரே ‘ஊசி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.