கழலாத மூடி

“இன்னொரு தடவை வெந்நீர் வைக்கட்டுமா?” என்று மெர்ல் கேட்டதும் நேடீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என் அடுப்பைத் தொட்டே, கையை உடைப்பேன்.”

மெர்ல் நிமிரவில்லை. சமையலறை மேஜையில் குனிந்து, ரப்பர் கையுறை மாட்டிய கையால் அவள் கணவனின் மின்சிகரெட்டை, அந்த வேப்பை, முறுக்கிக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. மேல்மூடியைக் கழற்றினால்தான் உள்ளே நிகோடின் திரவம் ஊற்ற முடியும். ஆறு வாரம் தொடாமல் கிடந்ததில் பழைய திரவம் மரையில் பாகாகக் காய்ந்து, மூடி பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஆறு வாரமும் நேடீன் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை அவள் கணவன் டுவேனுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன். நாளைக் காலை ரத்தப் பரிசோதனை. துளி நிகோடின் இருந்தாலும் கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே ஒரு முறை அப்படித்தான் தள்ளிப்போனது. இந்த முறையும் போனால் டுவேனுக்கு வேலை இருக்காது.

இந்த மெர்லோ, நண்பன் போன் பண்ணினானாம், டிவியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு டிரக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான்!

ஹாலில் சோபாவில் மல்லாந்து கிடந்த டுவேன் கத்தினான். “டேய், பேப்பர் மில்லுல துருப்பிடிச்ச குழாயெல்லாம் கழட்டினோமே! இந்தச் சுண்டைக்காய் கழலலியா உனக்கு?”

“குழாய்க்கு ரெஞ்ச் போடலாம்டா. இதுக்குப் போட்டா கண்ணாடி நொறுங்கிடும்.”

“ஃப்ரீசர்ல வெச்சுப் பாத்தியா?”

“வெச்சேன். உன் பொண்டாட்டியோட பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில.”

“அந்தப் பட்டாணியை இனிமே நீயே தின்னு!” என்றாள் நேடீன்.

“ஒரே ஒரு இழுப்பு, நேடீன்.” டுவேனின் குரல் இறங்கியது. “பயமா இருக்கு எனக்கு. ஒரு இழுப்பு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியத்தானே ரத்தம் எடுக்கறாங்க!”

அவள் வேப்பைப் பிடுங்கப் பாய்ந்தாள். மெர்ல் ஆறடிக்கு மேல். கையைத் தூக்கிக்கொண்டான்.

“அதைப் பிடுங்கினே, நான் எழுந்து வருவேன்!” என்றான் டுவேன்.

நேடீன் பின்வாங்கினாள். போன வாரம் அப்படி எழுந்துதான் குப்புற விழுந்தான்.

மெர்ல் இடுப்பு பெல்ட்டை உருவினான். மூடியைச் சுற்றி இறுக்கி, பல்லைக் கடித்து ஒரு முறுக்கு முறுக்கினான். கிரீச் என்றது.

மூடி கழலவில்லை.

“முடியலடா. இனி யார் வந்தாலும் வராது,” என்று வேப்பை மேஜையில் வைத்தான்.

“இருபத்தெட்டு வருஷம் பைப் ஃபிட்டராம்! தூ! போய்த் தொலை!” டுவேன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மெர்ல் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினான். நேடீனும் பின்னாலேயே வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

“நீயெல்லாம் ஒரு மனுஷனா? ஏதோ எங்க நல்ல நேரம், கழலல. கழண்டிருந்தா? ஆபரேஷன் போச்சு, வேலை போச்சு! அவன் கூப்பிட்டா, முடியாதுன்னு சொல்ல உனக்கு வாய் இல்லையா?”

மெர்ல் சிவந்துபோன உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

“முடியாதுன்னிருந்தா வேற எவனையாவது கூப்பிட்டிருப்பான், நேடீன். அவன் கழட்டற பக்கமா திருகியிருப்பான்.”